உறைந்த முரண்பாடு, எண் நாற்பத்தொன்று

மனித இனம் முதல் கல்லை எடுத்து அடுத்தவன் மண்டையில் எறிந்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்த அந்த அறிவிப்பு, ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் பள்ளியின் தகவல் பலகையில் நான்கு குண்டூசிகளால் குத்தப்பட்டது. இந்தப் பருவம் தொடங்கி, மாணவர்களிடையே தோன்றும் முரண்பாடுகள் அனைத்தும் புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணி முதல் மூன்று இருபது வரை குழுச் செயல்பாடுகள் மூலம் தீர்க்கப்படும். மற்ற நாட்களில் ஏற்படும் சண்டைகளை மாணவர்கள் புதன்கிழமை வரை பத்திரமாக வைத்திருந்து கொண்டுவர வேண்டும். வியாழக்கிழமைகளில் அடித்துக்கொள்வதைக் கூடுமானவரை தவிர்க்கவும்.

அறிவிப்பின் கீழே இரண்டு கையெழுத்துகள் இருந்தன. இடப்பக்கம் தலைமையாசிரியர், வலப்பக்கம் துணைத் தலைமையாசிரியர். இருவருக்கும் நான்கு ஆண்டுகளாகப் பேச்சு கிடையாது. ஆய்வுக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கிய மனத்தாங்கல். நடுவில் சாவி தொலைந்துபோய், பூட்டை உடைத்து, இப்போது அந்தக் கூடத்துக்குப் பூட்டே இல்லை. மனத்தாங்கல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் குறிப்பாணை எழுதிக்கொள்வார்கள். நடுச்சுவரின் கனம் ஒன்பது அங்குலம். அந்த ஒன்பது அங்குலத்தைக் கடக்க அட்டெண்டர் ஒரு நாளைக்குப் பதினைந்து நடை நடப்பார். இந்த அறிவிப்பும் அப்படித்தான் தயாரானது. ‘ஒற்றுமை’ என்ற தலைப்பை எத்தனை பெரிய எழுத்தில் போடுவது என்பதற்கு மட்டும் பதினொரு நடை ஆயிற்று.

திட்டத்தை நடத்த மேலிடத்திலிருந்து ஓர் இணக்க அலுவலர் வந்து சேர்ந்தார். மென்மையாகப் பேசும் பெண்மணி. யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, கேட்டு முடித்ததும் தான் முன்பே எழுதி வைத்திருந்ததைப் படிப்பார். முரண்பாட்டுக்கு ஐந்து நிலைகள் என்று வரைபடம் ஒன்று கொண்டுவந்து மாட்டினார். அறிதல், வெளிக்கொணர்தல், உச்சம், தணிவு, தழுவல். தழுவலுக்குப் புகைப்படம் கட்டாயம். ஒவ்வொரு வகுப்பும் பருவத்துக்குக் குறைந்தது மூன்று முரண்பாடுகளைப் பதிவு செய்து, மூன்றையும் தீர்த்திருக்க வேண்டும்.

“எங்க வகுப்புல சண்டையே இல்லைன்னா?” என்று ஏழாம் வகுப்பு ஆசிரியை கேட்டார்.

“அப்போ நீங்க சரியா கவனிக்கலைன்னு அர்த்தம்,” என்றார் அலுவலர், தலையைச் சாய்த்து.

ஏழாம் வகுப்புக்கு இரண்டு முரண்பாடுகள் சுலபமாகக் கிடைத்தன. ஒருவன் இன்னொருவனின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தான். ஒருத்தி இன்னொருத்தியின் உலக வரைபடத்தில் ஒரு கண்டத்துக்கு வால் வரைந்திருந்தாள். மூன்றாவதுதான் அகப்படவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஸ்ட்ரா கோபுரம் வந்தது.

இங்கே ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் அவர் வீடு. வாசல் ஓரமாகவே தொழில். அவருக்கு ஒரே மகள், ஏழாம் வகுப்பு. வீட்டுக்குள் அவள் பேச்சை நிறுத்த ஆள் வைக்க வேண்டும். அவருடைய ஸ்பேனர்களுக்கெல்லாம் பெயர் வைத்துத் திட்டுவாள். வாசற்படி தாண்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். திமிர் இல்லை, பயமும் இல்லை, சொல் வராது, அவ்வளவுதான். பள்ளியில் அவள் ஒரே ஒருத்தியிடம்தான் பேசுவாள். அந்த ஒருத்தி மாடி வீட்டு பஸ் டிரைவரின் மகள். குடியிருப்பே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். முதல் வகுப்பிலிருந்து இவளுக்கான வருகைப்பதிவுக் குரலை வாயாடிதான் கொடுத்து வந்தாள். “டீச்சர், அவளுக்கு வெளிய போகணும்.” “டீச்சர், அவளுக்கு விடை தெரியும், எட்டு.” போன வருடம் ஒரு நாள் மகள் தானாகவே ஆசிரியையிடம் சாக்பீஸ் கேட்டுவிட்டாள். அன்று மெக்கானிக் சந்தோஷத்தில் ஸ்பேனரையே தொடவில்லை.

அவளைப் பார்த்த டாக்டர் சொன்னது இதுதான்: “அவசரப்படாதீங்க. அந்த ஒரு பொண்ணுகிட்ட பேசறா இல்ல, அது அறாம பார்த்துக்கங்க. மத்தது மெதுவா வரும்.” மெக்கானிக் பார்த்துக்கொண்டார். வாயாடிக்கு ஜுரம் என்றால் தன் மகளுக்கு வந்ததுபோல் இரண்டு தடவை மாடியேறி விசாரிப்பார்.

ஸ்ட்ரா கோபுரம் என்பது இரண்டிரண்டு பேராகச் செய்வது. ஐம்பது ஸ்ட்ரா, ஒரு சுருள் டேப், பதினைந்து நிமிடம். பிறர் கருத்தை மதித்து, பேசி, முடிவெடுத்து, உயரமான கோபுரம் கட்ட வேண்டும். ஒரு ஜோடி முதல் நிமிடத்திலேயே டேப்புக்காகக் கடித்துக்கொண்டது, ரத்தம் வந்தது. இன்னொரு ஜோடி தலைவர் யார் என்று தீர்மானிக்கவே பதினைந்து நிமிடத்தையும் செலவழித்தது. மெக்கானிக் மகளும் வாயாடியும் பதினோராவது நிமிடத்தில் கட்டி முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள். கோபுரம் ஆசிரியையின் தோளுக்கு வந்தது. ஒருத்தி பிடித்தாள், மற்றவள் ஒட்டினாள். ஏழு வருடப் பழக்கத்தில், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று ஒருத்திக்கு மற்றவள் சொல்லத் தேவைப்படவில்லை. வாயாடிகூட அந்தப் பதினோரு நிமிடமும் வாய் திறக்கவில்லை.

அலுவலர் குறித்துக்கொண்டார்: ‘பேச்சு இல்லை. கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளவில்லை. கருத்து வேறுபாடு துளியும் வெளிப்படவில்லை. மிக ஆழத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது. வகை: உறைந்த முரண்பாடு. எண்: 41.’

கடித்துக்கொண்ட ஜோடிக்கு ‘துடிப்பான கருத்துப் பரிமாற்றம்’ என்று எழுதி நட்சத்திரம் ஒட்டினார்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது மெக்கானிக் ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு மூன்று முறை படித்தார். மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் விழித்தாள். மாடியிலிருந்து வாயாடி இறங்கி வந்து விளக்கம் சொன்னாள்.

“நாங்க சண்டை போட்டுட்டோமாம் மாமா. எப்பன்னு கேட்டேன். அதை நீதான் யோசிக்கணும்ங்கறாங்க.”

இணக்க அறை என்று ஒன்றைப் புதிதாக ஒதுக்கியிருந்தார்கள். வட்டமாக எட்டு நாற்காலி, சுவரில் கைகோத்த கைகளின் படம், மேசை மேல் டிஷ்யூ பெட்டி, மூலையில் அலுவலரின் தண்ணீர் பாட்டிலுக்காக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். பெட்டியில் டிஷ்யூ இல்லை. ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்ததால் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, விஷயத்தைத் தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்த்தார்.

“மேடம், சத்தம் வரலைன்னா ரிப்பேர்னு அர்த்தம் இல்லைங்க. நல்லா ஓடற மெஷினும் சத்தம் போடாது. இந்தப் பிள்ளைங்களும் அப்படித்தான். தப்பா பதிவாயிடுச்சு, எடுத்துடுங்க.”

அலுவலர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ‘தந்தை மறுப்பு நிலையில் இருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு விதியை விளக்கினார். பதிவான முரண்பாட்டை நீக்க இயலாது. தீர்க்க மட்டுமே இயலும். தீர்க்க வேண்டுமானால் அது முதலில் உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். உச்சத்தைத் தொடாத முரண்பாட்டைத் தணிக்கும் வசதி படிவத்தில் இல்லை.

“இல்லாத சண்டைங்க.”

“அதனாலதான் நேரம் எடுக்குது,” என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

முரண்பாடுகள் குடும்பத்திலிருந்தே பிள்ளைகளுக்குத் தொற்றுவதால், முதலில் தந்தையர் இருவரும் எதிரெதிரே உட்காரவைக்கப்பட்டார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குள்ள மூன்று மனக்குறைகளைச் சொல்ல வேண்டும். ‘நீ’ என்று தொடங்கக்கூடாது, ‘நான் உணர்கிறேன்’ என்றுதான் தொடங்க வேண்டும். டிரைவர் நான்கு மணி வண்டி எடுக்க வேண்டியவர். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நான் ஒன்றும் உணரவில்லை என்றார். அலுவலர் ‘மறைக்கிறார்’ என்று எழுதினார். மூன்றே முக்காலுக்கு டிரைவர் உடைந்தார்.

“சரி, எழுதிக்கங்க. நான் உணர்றது என்னன்னா, அண்ணன் வீட்டு வாசல்ல எப்பவும் ரெண்டு பழைய ஃப்ரிட்ஜ் நிக்குது. ஏறி இறங்கறப்ப இடிக்குது.”

மெக்கானிக்குச் சுருக்கென்றது. “சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்ற அளவுக்கு இல்லைண்ணே.”

அலுவலரின் முகத்தில் அன்றுதான் உண்மையான மலர்ச்சி தெரிந்தது. மெக்கானிக்கின் பங்கையும் கறந்தார். விடிகாலையில் டிரைவர் பூட்ஸ் காலோடு திடுதிடுவென்று மாடிப்படி இறங்குவது அவர் வாயிலிருந்து வந்துவிழுந்தது. இருவரும் ஒன்றாக வந்தவர்கள், தனித்தனியாகத் திரும்பினார்கள். அன்று மாலையே மெக்கானிக் இரண்டு ஃப்ரிட்ஜையும் பின்பக்கம் தள்ளி வைத்தார். மறுநாள் காலை டிரைவர் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். வாசலில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டபோது இரண்டு பேருக்குமே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறையாக ஒருவரையொருவர் “சௌக்கியமா” என்று விசாரித்துக்கொண்டார்கள்.

அடுத்து பிள்ளைகளின் முறை. ஆளுக்கு மூன்று மனக்குறை, எழுத்தில். மகள் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். வாயாடி, ‘ஒன்றுமில்லை’ என்று மூன்று முறை எழுதி, அழகாக எண் போட்டுக் கொடுத்தாள். அடுத்த புதனும் அப்படியே. மூன்றாவது புதன், ஒத்துழையாமை என்று பதிவாகி, முரண்பாடு முற்றும் ஆபத்து இருப்பதால் தீர்வு காணும் வரை இருவரும் தனித்தனி பெஞ்சில் அமர வேண்டும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு அமலுக்கு வந்தது. மகள் முன்வரிசை, வாயாடி கடைசி வரிசை.

மறுநாள் வருகைப்பதிவில் மகள் பெயர் வந்தபோது யாரும் குரல் கொடுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து கத்தக்கூடாது என்று வாயாடிக்குச் சொல்லப்பட்டிருந்தது. மகள் எழுந்து நின்றாள். ஆசிரியை நிமிர்ந்து பார்க்கவில்லை. வரவில்லை என்று பதிவானது. நாள் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, மாலையில் ‘தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்று வீட்டுக்குச் செய்தி வந்தது.

மெக்கானிக் பயந்துபோனார். அந்தப் பயத்தில் அவர் செய்ததுதான் இந்தக் கதையில் எந்த அலுவலராலும் செய்ய முடியாமல் போன காரியம். மாடியேறி, வாயாடியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏதாவது மூணு எழுதிக் குடுத்துடு கண்ணு. சும்மா ஒரு பேருக்கு. ஃபைலை மூடிடுவாங்க, நீங்க பழையபடி ஒண்ணா உட்காரலாம்.”

“பொய்யா எழுதவா மாமா?”

“ஏதோ ஒண்ணு. நீ எழுதறது யார் கண்ணுல படப்போகுது.”

வாயாடிக்குப் பொய் வராது. வாய் மட்டும்தான் நீளம். யோசித்து யோசித்து எழுதிக் கொடுத்தாள்.

நிறைவு விழாவுக்கு வட்டார ஒருங்கிணைப்பு இயக்குநர் வந்தார். மேடையில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை இயக்குநருக்கு இடப்பக்கம் போட்டால் தலைமையாசிரியருக்கு, வலப்பக்கம் போட்டால் துணைக்கு என்றாகிவிடும். அட்டெண்டர் மேடைக்கு எதிரிலேயே ஆறு நடை நடந்து குறிப்பு மாற்றினார். இறுதியில் சமரசம் எட்டப்பட்டது. கைவைத்த நாற்காலியில் பூச்சாடி அமர்ந்தது. தலைமையாசிரியரும் துணையும் இரண்டு மணி நேரமும் நின்றார்கள். இயக்குநர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலைமையாசிரியர் பேசினார். “இந்தப் பள்ளியில் என்னோடு கருத்து வேறுபாடு கொண்டவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இருந்த மூவரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.” துணைத் தலைமையாசிரியர், விட்டுக்கொடுப்பதைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, சாவியைத் தான் ஒருபோதும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன் என்று முடித்தார். இயக்குநர் சுருக்கமாகப் பேசினார். “குழுப்பணி என்பது வேறொன்றுமில்லை. நான் சொல்வதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்வது.” கைதட்டல் ஒரே சீராக இருந்தது. முந்தின நாள் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

பிறகு எண் நாற்பத்தொன்று மேடைக்கு அழைக்கப்பட்டது. பள்ளியின் மிகக் கடினமான வழக்கு என்று அலுவலர் அறிமுகப்படுத்தினார். பெற்றோர் வரிசையில் மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பிள்ளைகளையும் மைக்கின் இருபுறமும் நிறுத்தினார்கள். உச்ச நிலைக்குச் சாட்சிகள் தேவை என்பதால் மனக்குறைகள் சபையில் வாசிக்கப்படும் என்றார் அலுவலர். வாசிப்பார்கள் என்று மெக்கானிக்கிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஒன்று. என் பென்சிலை வாங்கினால் முனை மழுங்கித்தான் திருப்பித் தருவாள். இரண்டு. மெதுவாக நடக்கிறாள்.” அலுவலர் நிறுத்தி, சபையைப் பார்த்து, குரலை இறக்கினார். “மூன்று. அவள் பேசாததால் எல்லா இடத்திலும் நானே பேச வேண்டியிருக்கிறது. சில நாள் எனக்கு வாய் வலிக்கிறது.”

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. விளையாட்டுத்திடலின் கடைசி வரை கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர். மகள் வாயாடியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மைக் கம்பத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அது நான் சும்மா... மாமாதான்...” என்று வாயாடி ஆரம்பித்தாள். அது வெளிக்கொணர்தல் நிலைக்குரிய பேச்சு, அந்த நிலை முடிந்துவிட்டது என்பதால் மைக்கை நகர்த்திவிட்டார்கள்.

தழுவல் தொடங்கியது. புகைப்படக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்தார். வாயாடி கட்டிக்கொண்டாள். மகளின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. “இன்னொரு தடவை பாப்பா, கையை மேல தூக்கி,” என்றார் புகைப்படக்காரர். அலுவலர் அவள் கைகளை எடுத்து, வாயாடியின் முதுகில் பொருத்தி, அவை மறுபடி விழாதபடி ஒரு நொடி பிடித்திருந்தார். மூன்றாவது படத்தில் வாயாடி அழுதுகொண்டிருந்தாள். அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று தேர்வு செய்தார்கள். கீழே ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று போட்டார்கள்.

பெற்றோர் சார்பில் ஒரு வார்த்தை என்று மெக்கானிக்கின் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மகளுக்குத் தினமும் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

“இவங்க சண்டையே போடலைங்க,” என்றார்.

திடல் அதிரக் கைதட்டினார்கள். தீர்வின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று இயக்குநர் எழுந்து நின்று தட்டினார். மெக்கானிக் மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும் கைதட்டினார்கள்.

மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஃப்ரிட்ஜ்களைத் திறந்து பழகியவர் அவர். உள்ளே எது அழுகியிருந்தாலும் முகம் சுளிக்காமல் கையை விட்டுத் துடைப்பார். பள்ளி வாசலில் அந்தப் படத்தை ஆளுயரப் பலகையாக மாட்டியபோது, அதைப் பார்த்துவிட்டு, தெருவோரச் சாக்கடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்த மகள் வழக்கம்போல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அப்பாவின் பக்கத்தில் வந்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கத் தொடங்கினாள்.

“அவளுக்கு வாய் வலிக்குமாம்ப்பா,” என்றாள். “எனக்குத் தெரியாது.”

“அது அப்பா சொல்லித்தான் எழுதினா கண்ணு. சும்மா எழுதச் சொன்னேன்.”

அவள் கடைசி ஸ்பேனரையும் அதன் இடத்தில் வைத்தாள். “சும்மா எழுதினதுன்னா பொய்யா எழுதியிருப்பா. அவளுக்குப் பொய் வராதுப்பா. இனிமே வலிக்காது.”

மறுநாள் அவள் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். வாயாடி படியிறங்கி வந்து, “மாமா, அவ எங்க?” என்று கேட்டபோது மெக்கானிக் ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய ஒரு ரிலேயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு மறுநாளும் வாயாடி வந்தாள். மூன்றாவது நாள் பத்து நிமிடம் முன்னதாக வந்து பார்த்தாள். மகள் இருபது நிமிடம் முன்னதாகப் போயிருந்தாள். பாதுகாப்பு ஏற்பாடு விலக்கப்பட்டு, இருவரும் பழைய பெஞ்சுக்குத் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. மகள் முன்வரிசையிலேயே இருந்துகொண்டாள். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். இப்போது ஆசிரியை நிமிர்ந்து பார்க்கிறார்.

பள்ளிக்கு வட்டார அளவில் முதல் பரிசு கிடைத்தது. கேடயத்தை யார் அறையில் வைப்பது என்பதில் முடிவு எட்டப்படாததால், அது அட்டெண்டரின் ஸ்டூல் மேல் இருக்கிறது. அட்டெண்டர் நிற்கிறார்.

மாதக் கடைசியில் மெக்கானிக்கின் வீட்டுக்கு இணக்க அலுவலரின் கையெழுத்தோடு பாராட்டுக் கடிதம் வந்தது. கடந்த முப்பது நாட்களில் தங்கள் மகள் பள்ளியில் எவரோடும் எந்த முரண்பாடும் கொள்ளவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

முப்பது நாட்களாக அவள் பள்ளியில் எவரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.